சிறிய டீசல் இஞ்சின் தொழிலில் மோட்டார் கம்பெனிகளின் முதலீடு: பாலாற்றங்கரைக் குடியானவர்கள் அறிய வேண்டியவை

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பாலாற்றுப் பிரதேசத்தில் விவசாயம் பெரும்பாலும் கிணற்றுப் பாசனத்தையே நம்பி நடந்து வருவது யாவரும் அறிந்ததே. ஆற்றில் வருஷத்தில் பல மாதங்கள் மணலே காணப்படினும், அம்மணலின் கீழ் ஓடும் ஊற்று இருகரைக் கிணறுகளையும் வளர்த்து வந்தது. அந்நீரை மேலே கொணர முற்காலத்தில் ஏற்றமும் கவலையும் பயன்பட்டன. கவலைச் சாலின் அடியில் கட்டும் தும்பி இவ்வூர்களில் பதப்படுத்திய தோலினால் ஆனது. ஆகவே நீரிறைப்பும் தோல் தொழிலும் இப்பிரதேசத்தில் ஆதியிலிருந்தே ஒன்றையொன்று சார்ந்தவை.

2019-ம் வருஷத்தில் பழைய வேலூர் ஜில்லா மூன்றாகப் பிரிக்கப்பட்டபின், இராணிப்பேட்டை தனி ஜில்லாவாயிற்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தன. இவற்றுள் இராணிப்பேட்டையில் டிராக்டரும் இஞ்சினும் செய்யும் தொழிற்சாலை இயங்குகிறது. மோட்டார் வண்டித் தொழிலிலும் பெருமூலதனம் இறங்கி வருகிறது. இத்தகைய முதலீடு எக்காரணத்தால் வருகிறது, எக்காரணத்தால் விலகுகிறது, அதனால் நிலமுடையோருக்கு விளையும் நன்மை தீமைகள் யாவை என்பதை விளங்கிக்கொள்வது, இஞ்சின் வாங்குவோருக்கும் கிராம நிர்வாகத்தைக் கவனிப்போருக்கும் ஒருங்கே அவசியமாகும்.

டீசல் இஞ்சினின் தத்துவம்

ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானிய நிபுணர் தமது இஞ்சினை 1897-ம் வருஷத்தில் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். எண்ணெயிலுள்ள உஷ்ண சக்தியில் சுமார் 26 விழுக்காட்டை அது வேலையாக மாற்றிற்று. அக்காலத்து நீராவி யந்திரங்கள் இதில் பாதியைக்கூட எட்டவில்லை. பெட்ரோல் இஞ்சினில் மின்பொறியினால் நெருப்பு மூட்டப்படுகிறது. டீசல் இஞ்சினிலோ பொறி கிடையாது. சிலிண்டருக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டனானது பதினாறு முதல் இருபது பங்கு வரை சுருக்குகிறது. அவ்வாறு சுருங்கிய காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அந்நிலையில் பீய்ச்சப்படும் எண்ணெய் தானே தீப்பற்றிப் பிஸ்டனைத் தள்ளுகிறது.

இதில் யாவற்றினும் நுட்பமான உறுப்பு எண்ணெயைப் பீய்ச்சும் பம்பாகும். 5 குதிரைசக்தி இஞ்சின் ஒன்று நிமிஷத்திற்கு 1,500 சுற்று வீதம் ஓடி, மணிக்கு ஏறக்குறைய 1 லிட்டர் டீசலைச் செலவழிப்பதாகக் கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எண்ணெய் பீய்ச்சப்படுவதால், மணிக்கு 45,000 முறை அது நிகழ வேண்டும். எனவே ஒரு முறைக்குக் கிடைப்பது 22 கன மில்லிமீட்டர். அதாவது நீர்த்துளி ஒன்றில் பாதிக்கும் குறைவு. இச்சிற்றளவை ஒவ்வொரு தடவையும் பிசகாமல், மிக்க அழுத்தத்துடன், உரிய கணத்தில் செலுத்துதல் வேண்டும். பம்பின் உருளையும் அதனுள் அசையும் தண்டும் தலைமயிரின் கனத்தில் மிகச் சிறு பகுதியே இடைவெளி இருக்குமாறு கடையப்படுவதன் காரணம் இதுவே. டீசலில் தூசியோ நீரோ கலந்தால் முதலில் கெடுவதும் இவ்வுறுப்பே.

மூலதனம் ஏன் பெரிதாக வேண்டும்

இஞ்சின் சிறிதாயினும் அதைச் செய்யும் சாலை சிறிதாக இயலாது. வார்ப்படச் சாலை, சிலிண்டரையும் வளைதண்டையும் கடையும் யந்திரங்கள், அளவு பார்க்கும் கருவிகள், ஒவ்வொரு இஞ்சினையும் ஓட்டிப் பரீட்சிக்கும் மேடைகள் ஆகிய யாவும் தேவை. ஆயிரம் இஞ்சின் செய்தாலும் ஒரு லட்சம் செய்தாலும் இவற்றில் பெரும்பகுதிச் செலவு மாறாது. ஆதலால் மிகுந்த எண்ணிக்கையில் விற்கக்கூடியவரே மலிவாகச் செய்ய இயலும். மோட்டார் கம்பெனிகள் இத்தொழிலில் முன்னிற்பதற்கு இதுவே காரணம். வண்டிக்கு வேண்டிய இஞ்சினுக்கென்று போட்ட யந்திரங்களைக் கொண்டே பம்பு செட்டுக்கும் டிராக்டருக்கும் வேண்டியவற்றையும் செய்து, செலவைப் பங்கிட அவர்களால் முடிகிறது.

சென்னையில் இதற்கு நல்ல உதாரணம் ஸிம்ப்ஸன் கம்பெனியாகும். 1840-ல் குதிரை வண்டி கட்டும் தொழிலில் தொடங்கிய அந்நிறுவனம், பிற்காலத்தில் மோட்டார் வண்டிகளுக்குக் கூடு கட்டி, 1950-களில் செம்பியத்தில் பெர்க்கின்ஸ் வகை டீசல் இஞ்சின்களைச் செய்யத் தொடங்கிற்று. அதே குழுமத்தைச் சேர்ந்த டாபே டிராக்டர் கம்பெனி 1960-ல் தோன்றியபின், அவ்விஞ்சின் உழவு நிலத்திற்கும் வந்து சேர்ந்தது. புனாவில் 1946-ல் தொடங்கிய கிர்லோஸ்கர் எண்ணெய் இஞ்சின் கம்பெனியும், பெங்களூரில் 1951-ல் ஏற்பட்ட மைக்கோ நிறுவனமும் இத்தொழில் நாட்டில் வேரூன்றத் துணைபுரிந்தன. பின்னது செய்த எண்ணெய் பீய்ச்சும் பம்புகள் இல்லாவிடில், ஏனைய உறுப்புகளை உள்நாட்டில் செய்தும் பிரயோஜனமிராது.

இப்பிரதேசத்துடன் உள்ள தொடர்பு

எண்ணெய் இஞ்சினால் கிணற்று நீரை இறைக்கும் முறையைச் சென்னை மாகாணத்தில் முதன்முதல் ஊக்கத்துடன் பரப்பியவர் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்னும் சர்க்கார் உத்தியோகஸ்தர். 20-ம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அவர் எண்ணெய் இஞ்சினையும் சுழல் பம்பையும் இணைத்துப் பரீட்சைகள் நடத்தினார். குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பினால் தோலைப் பதப்படுத்தும் முறையை இம்மாகாணத்தில் புகுத்தியவரும் அவரே. நீரில் ஊறினும் எளிதில் கெடாமையால், அத்தோலுக்கு முதலில் தேடப்பட்ட உபயோகங்களுள் கவலைச் சாலும் ஒன்று. ஆவாரம்பட்டையே பெரிதும் வழங்கிய இவ்வூர்த் தொட்டிகளில் குரோம் முறை பெருகியது, பதப்படுத்தாத தோலும் அரைப்பதத் தோலும் வெளிநாடு செல்வதைச் சர்க்கார் 1970-களில் கட்டுப்படுத்திய பின்னரேயாம்.

எனவே நீரை மேலே கொணரும் யந்திரமும், அந்நீரைப் பின்னாளில் கெடுத்த முறையும் ஒருவர் கையாலேயே இம்மாகாணத்தில் பரவத் தொடங்கின. அவ்விரண்டும் ஒரே கிணற்றில் சந்திக்கும் என்பதை அக்காலத்தில் எவரும் எதிர்பார்த்திருக்க இயலாது.

மோட்டார் தொழிலைப் பொறுத்தவரை, திருவொற்றியூரில் 1955-ல் ஏற்பட்ட என்பீல்டு இந்தியா கம்பெனி 1980-களில் இராணிப்பேட்டையில் சிறு மோட்டார் சைக்கிள்களைச் செய்தது. அக்கம்பெனி 1993-ல் டீசலில் ஓடும் மோட்டார் சைக்கிளையும் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதில் பொருத்திய 325 கன சென்டிமீட்டர் இஞ்சின், வயல் வேலைகளுக்கும் நீரிறைப்புக்கும் வழங்கிவந்த ஒற்றைச் சிலிண்டர் இஞ்சின்களின் இனத்தைச் சேர்ந்ததே. எண்ணெய்ச் சிக்கனத்தில் அது சிறந்திருப்பினும், வேகக் குறைவாலும் அதிர்வாலும், புகைக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளாலும் சில வருஷங்களில் மறைந்தது.

1990-களின் பிற்பாதியில் இத்தாலி தேசத்து ஸாமே கம்பெனி, கிரீவ்ஸ் கம்பெனியுடன் கூட்டாக இராணிப்பேட்டையில் டிராக்டர் தொழிலைத் தொடங்கிற்று. பிற்பாடு அது முழுவதும் இத்தாலியர் வசமாகி, டிராக்டர்களுடன் இஞ்சின்களையும் செய்து வருகிறது. ஸாமே கம்பெனியை 1942-ல் திரெவிலியோ நகரில் நிறுவிய கஸானி சகோதரர்களுள் பிரான்செஸ்கோ என்பவர், 1927-லேயே 40 குதிரைசக்தி டீசல் டிராக்டர் ஒன்றைச் செய்தவர். அவர்களுடைய இஞ்சின்கள் நீரின்றிக் காற்றினால் குளிரும் வகையில் பெயர் பெற்றவை. இதன் முக்கியத்துவம் பின்னர் விளங்கும்.

முதலீடு வந்து விலகியதற்கு ஓர் உதாரணம்

மாருதி ஸுஸுகி கம்பெனி 2015-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஸெலேரியோ என்னும் சிறிய காரில், இரண்டு சிலிண்டர்களும் 793 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய டீசல் இஞ்சினைப் புகுத்திற்று. அதனை அமைப்பதற்கு ஏறக்குறைய ரூபாய் 900 கோடி செலவாயிற்று. லிட்டருக்கு 27 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் எனச் சான்று பெற்ற அவ்வண்டி பெரிதும் விற்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆயினும் 2017-லேயே அக்கார் டீசல் வடிவத்தில் விற்பது நின்றது. 2016-ல் வெளிவந்த சிறு சரக்கு வண்டியில் அவ்விஞ்சின் சிறிது காலம் நீடித்தது. 2020 ஏப்ரல் முதல் தேதியுடன் அக்கம்பெனி டீசல் வண்டிகளையே கைவிட்டது.

இதற்குரிய காரணங்கள் இரண்டு. முதலாவது, விலை. 2014-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் டீசல் விலையின் மீதிருந்த சர்க்கார் கட்டுப்பாடு நீங்கிற்று. அதன்பின் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த வித்தியாசம் குறைந்து, விலை கூடிய டீசல் காரை வாங்குவதால் வரும் ஆதாயமும் குன்றியது. இரண்டாவது, புகை. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பாரத் ஆறாம் படி விதிகள் அமுலுக்கு வந்தன. டீசல் புகையிலுள்ள கரியையும் நைட்ரஜன் வாயுக்களையும் நீக்கும் கருவிகள் விலையுயர்ந்தவை. பெரிய லாரியின் விலையில் அச்செலவு சிறு பங்கே. ஆனால் சிறிய காரின் விலையில் அது பெரும் பங்காகிவிடும். இஞ்சின் எவ்வளவுக்கெவ்வளவு சிறிதோ, அவ்வளவுக்கவ்வளவு அப்பாரம் மிகுதியாகும்.

வயலில் உழைக்கும் இஞ்சின்களின் நிலை வேறு. அவற்றுக்குரிய புகை விதிகள் தனிப்பட்டவை. 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கே 2023 ஜனவரி முதல் கடுமையான புதிய படி விதிக்கப்பட்டது. ஆகவே சிறிய டீசல் இஞ்சின் சாலையை விட்டு நீங்கினும் வயலை விட்டு நீங்கிற்றென்று எண்ணலாகாது. ஆயினும் வண்டிகளின் பெருவிற்பனை பங்கிட்டுவந்த செலவு இனி வயல் இஞ்சின்களின் மேலேயே விழுமாதலால், சில வகைகள் மறைவதும் உதிரி உறுப்புகள் அரிதாவதும் எதிர்பார்க்கத் தக்கவையே. டிராக்டர் தொழிலில் முன்பு பங்காளியாயிருந்ததும், மூன்று சக்கர வண்டிகளுக்குச் சிறு டீசல் இஞ்சின் செய்வதில் பேர்பெற்றதுமான கிரீவ்ஸ் கம்பெனி, 2021 நவம்பரில் இராணிப்பேட்டையில் 35 ஏக்கரில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலையைத் திறந்தது. அதற்கென அறிவித்த முதலீடு ரூபாய் 700 கோடி. மூலதனம் எத்திசையில் திரும்புகிறது என்பதற்கு இதைவிட அருகில் சாட்சி வேண்டுவதில்லை.

பாசனத்திற்கு டீசல் இஞ்சின் இன்று எங்கு ஏற்றது

1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இம்மாநிலத்தில் பம்பு செட்டு மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. மின் இணைப்புள்ள கிணற்றில் டீசல் இஞ்சின் போட்டியிட இயலாமற் போயிற்று. மற்றொரு காரணம் நீரின் ஆழம். தரைமேல் வைத்த சுழல் பம்பு நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டருக்குக் கீழிருந்து நீரை உறிஞ்சாது. காற்றின் அழுத்தமே நீரை மேலே தள்ளுவதால், இஞ்சினைப் பெரிதாக்கினாலும் அவ்வளவு கூடாது. கிணற்றுக்குள் மேடை அமைத்து இஞ்சினை இறக்கியோர் சிலர் உண்டு. மூடிய கிணற்றினுள் இஞ்சினை ஓட்டினால் நச்சுப்புகை தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே அம்முறை அறவே கூடாது. நீர் மட்டம் நூற்றுக்கணக்கான அடிக்குத் தாழ்ந்துவிட்ட ஆழ்துளைக் கிணறுகளில் நீரில் மூழ்கும் மின்மோட்டாரே பயன்படும்.

இணைப்புக்குக் காத்திருக்கும் நிலங்கள், ஏரி கால்வாய்களிலிருந்து சிறிது உயரத்திற்கு நீர் ஏற்றுதல், பவர் டில்லர், கதிரடிக்கும் யந்திரம் முதலியவற்றில் டீசல் இஞ்சின் இன்றும் சிலாக்கியமானது. வாங்குமுன் கீழ்க்கண்ட கணக்கைப் போட்டுப் பார்த்தல் நலம். விநாடிக்கு 10 லிட்டர் நீரை மொத்தம் 15 மீட்டர் உயர்த்த வேண்டுமாயின், 10-ஐ 15-ஆல் பெருக்கி 75-ஆல் வகுக்க, 2 குதிரைசக்தி வரும். பம்பின் திறன் பாதி எனக் கொண்டால் தண்டில் 4 குதிரைசக்தி வேண்டும். ஆகவே 5 குதிரைசக்தி இஞ்சின் போதுமானது. அது மணிக்கு 36,000 லிட்டர் தரும். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் நீர் நிற்க ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் தேவையாதலால், ஐந்தரை முதல் ஆறு மணி ஓட்டமும் அதேயளவு லிட்டர் டீசலும் செலவாகும். கௌரவத்தை உத்தேசித்து 10 குதிரைசக்தி இஞ்சினை வாங்கிப் பாதிச் சுமையில் ஓட்டுவோர், எண்ணெயை வீணாக்குவதோடு பீய்ச்சு குழலில் கரி படியவும் இடங்கொடுக்கின்றனர்.

உப்பு நீரும் இஞ்சினும்

தோல் தொட்டிகள் சூழ்ந்த இப்பிரதேசத்திற்கென்றே உரிய விசேஷக் கஷ்டம் ஒன்றுண்டு. பச்சைத்தோல் அழுகாதிருக்க அதன் எடையில் ஏறக்குறையப் பாதியளவு வரை உப்பிடுவது வழக்கம். அவ்வுப்பு தோலை ஊறவைக்கும் நீரில் கரைந்து வெளியேறுகிறது. நெடுங்காலம் அந்நீர் நிலத்திலும் ஆற்றிலும் விடப்பட்டதால் கிணறுகள் உவர்த்தன. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் ஓரளவோ முற்றிலுமோ பயனற்றதாயிற்றென்று தமிழ்நாடு விவசாயப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் கண்டது, சுப்ரீம் கோர்ட்டின் 1996 ஆகஸ்டு 28-ம் தேதித் தீர்ப்பில் குறிப்பிடப்பட்டுள்ளது. அத்தீர்ப்பின்படி இழப்பீட்டை மதிப்பிட அதிகார சபை ஏற்பட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வற்புறுத்தப்பட்டன. 2025 ஜனவரி 30-ம் தேதி அக்கோர்ட்டு மீண்டும் தீர்ப்பளித்து, இழப்பீடு செலுத்துதலையும் பாலாற்றைச் சீர்படுத்துதலையும் மேற்பார்வைக் குழுவின் பொறுப்பில் வைத்தது.

இந்நீரைப் பயிருக்கு விடுவதன் தீமையை யாவரும் அறிவர். இஞ்சினைக் குளிர்விக்க அதையே பயன்படுத்துவதன் தீமையைப் பலர் அறியார். பம்பிலிருந்து வரும் கிணற்று நீரில் ஒரு கிளையைச் சிலிண்டர் உறைக்குள் செலுத்துவது பழக்கம். கடின நீர் சூடான சுவரில் பட்டதும் சுண்ணாம்புப் பொறை படிகிறது. உப்பு, வார்ப்பிரும்பை அரிக்கிறது. பொறை தடித்தால் சூடு வெளியேறாது. பிஸ்டன் இறுகும், சிலிண்டர் மூடி வெடிக்கும். நல்ல நீருள்ள ஊரில் பல்லாண்டு உழைக்கும் இஞ்சின் இங்கு விரைவில் கெடுவதற்கு அதைச் செய்தவர்மீது மட்டும் குற்றம் சுமத்துதல் நியாயமன்று.

இதற்குப் பரிகாரம் இரண்டு. நீரால் குளிரும் இஞ்சினாயின், கிணற்று நீரை நேரே விடாமல், தனித் தொட்டியில் மழைநீரை நிரப்பி, அந்நீரே திரும்பத் திரும்பச் சுழலுமாறு அமைக்க வேண்டும். ஆவியாய்க் குறைவதற்கு மட்டும் மழைநீரை ஊற்றினால் போதும். சூடேறிய இஞ்சினில் குளிர்ந்த நீரை ஒருபோதும் ஊற்றலாகாது. மற்றது, காற்றினால் குளிரும் இஞ்சினை வாங்குதல். ஜெர்மனியின் டாய்ட்ஸ், இத்தாலியின் ஸாமே ஆகிய கம்பெனிகள் இவ்வகையை வளர்த்துப் புகழ் பெற்றன. அத்தகைய இஞ்சினில் சிலிண்டரைச் சூழ்ந்த இறகுகளில் எண்ணெயும் தூசியும் பதரும் படியாது துடைத்து வருதல் அவசியம். விசிறியை மூடிய தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் காற்று வழிமாறி இஞ்சின் எரிந்துபோகும். உவர்க் கிணற்றில் பம்பின் சக்கரமும் வெண்கல உலோகத்தாலானதாக இருத்தல் நன்று.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

2024 செப்டம்பரில் இராணிப்பேட்டை ஜில்லா பனப்பாக்கத்தில் டாட்டா மோட்டார்ஸ் கம்பெனியின் ரூபாய் 9,000 கோடித் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தகைய தொழில்களால் இளைஞர்க்கு ஜீவனமும், சிறு பட்டறைகளுக்கு வேலையும் கிடைக்கும் என்பதில் ஐயமில்லை. தோல் தொட்டியைப் போல் மோட்டார் தொழில் உப்பு நீரைப் பெருக்குவதுமில்லை. ஆயினும் கடைசலில் பயன்படும் எண்ணெய்க் கலவை, வர்ணக் கழிவு, வார்ப்பட மணல் ஆகியன அதற்கும் உண்டு. அவை எங்குச் சென்று சேருகின்றன என்று கேட்பது கிராமத்தாரின் உரிமையும் கடமையுமாகும். இராணிப்பேட்டையில் 1995-ல் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலையின் முதலீடும் வேலையும் மறைந்தன. அது குவித்த குரோமியக் கழிவு மட்டும் ஊரில் தங்கிற்று.

நில எடுப்புக் காலத்தில் ஏரியின் வரத்துக் கால்வாய்களும் வெள்ள வாய்க்கால்களும் வரைபடத்தில் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்ப்பதும், சுற்றுக் கிணறுகளின் நீரைத் தொழில் தொடங்குமுன்னரே பரீட்சை செய்வித்து அறிக்கையைப் பத்திரப்படுத்துவதும் மிகவும் முக்கியம். முன்னிருந்த நிலைக்கு எழுத்து மூலமான சாட்சி இல்லையேல், பின்னர் நஷ்டத்தை நிரூபிப்பது அரிது. பாலாற்றுக் குடியானவர்கள் இழப்பீட்டுக்காகக் காத்திருந்த வருஷங்களே இதை நன்கு போதிக்கும்.

இஞ்சின் வாங்கும் குடியானவரோ, விலையையும் குதிரைசக்தியையும் விசாரிப்பதோடு நில்லாமல், எண்ணெய் பீய்ச்சும் பம்பு, பிஸ்டன் வளையம், வால்வு ஆகிய உறுப்புகள் அருகிலுள்ள நகரில் கிடைக்கின்றனவா, அவ்வகை இஞ்சின் எத்தனை வருஷமாக வழங்கி வருகிறது, தம் கிணற்று நீர் அதற்கு ஒத்துக்கொள்ளுமா என்னும் மூன்றையும் தீர விசாரித்தல் வேண்டும். ரூபாய் 900 கோடி செலவில் அமைந்த இஞ்சினும் கார்களில் இரண்டே வருஷத்தில் நின்றுபோனதுண்டு. கம்பெனி வேறு தொழிலுக்குத் திரும்பலாம். கடன் வாங்கி இஞ்சினை நிறுத்திய குடியானவருக்கு அடுத்த போகமும் அதே கிணற்றடியில்தான்.